ரெண்டும் நிஜம்

அறிக்கை முப்பத்தோரு பக்கம். அதில் ‘செல்லாத பாக்கெட்’ என்ற சொல் பதினேழு இடங்களில் வந்திருந்தது. ரெக்ஸன் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. இலக்கியா கணினியில் தேடிப் பார்த்தாள், இல்லை என்றது. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று வேறு மாதிரியும் தேடினாள். அப்படியும் இல்லை. நான்கு பேர் கடலில் மூழ்கிச் செத்ததை, செத்தவர்களில் ஒருவர் பெயரும் வராமல் முப்பத்தோரு பக்கம் எழுத ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமைசாலியின் அறைக்கதவை அவள் தட்டாமலே திறந்தாள்.

திட்டத்துக்கு மேலாளன் நிரஞ்சன். நிமிர்ந்து பார்த்துவிட்டு உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. தரமணியில் பதினோராவது மாடி. கண்ணாடிக்கு வெளியே, கட்டடங்களுக்கு நடுவே கட்டைவிரல் அகலத்துக்குக் கடல் தெரிந்தது. அந்த அளவு கடலை வைத்துக்கொண்டுதான் ‘நெடுங்கரை’ நிறுவனம் தமிழ்நாட்டுக் கரை முழுவதற்கும் காவல் பார்த்தது.

பழவேற்காட்டிலிருந்து நீரோடி வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு டவர்கள். ஒவ்வொரு மீன்பிடி வள்ளத்திலும் ஒரு வயர்லெஸ் செட், அதன் சிப்பில் வள்ளத்தின் எண். ஆபத்து என்றால் செட்டிலிருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். செய்தி காற்றில் டவருக்கு வரும், டவர் கரைக்கும் மற்ற வள்ளங்களுக்கும் சொல்லும். டவருக்குள் ஓடும் இயங்குதளத்தின் பெயர் கரைக்காவல். காற்றில் பாக்கெட் பாக்கெட்டாக வரும் செய்தியை வாங்கிப் பிரித்து, யாருடையது என்று பார்த்து, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பும் பகுதிக்கு நெட்வொர்க் ஸ்டாக் என்று பெயர். பழைய ஸ்டாக் இருபது வருடத்துக்கு முன் பழைய நிரல் மொழியில் எழுதியது. நினைவகத்தில் ஓட்டைகள் இருந்தன. 2041-இல் எவனோ ஒருவன் அந்த ஓட்டை வழியே நுழைந்து ஒரே நாளில் நாற்பது டவர்களை ஊமையாக்கினான். அதன்பிறகுதான் புதிய மொழியில் முழுவதையும் திரும்ப எழுதச் சொன்னார்கள். எழுதிய குழுவுக்குத் தலைவி இலக்கியா.

அந்த மொழியின் மேல் அவளுக்கு ஒரு காதலே இருந்தது. நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அது காதைப் பிடித்துக் கேட்கும்: இந்தப் பொருள் யாருடையது? ஒரு பொருளுக்கு ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர்தான். இன்னொரு கை நீண்டால் தட்டிவிடும். அந்த ஒரு கண்டிப்பில் பாதி ஓட்டைகள் தாமாகவே அடைபட்டன. பதினான்கு மாதம் எழுதினார்கள். மொழியின் மேல் குற்றமில்லை, இதை அவள் பிறகு எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குற்றம் ஒன்பதாவது மாதத்தில் நடந்தது. நினைவகத்துக்கு இருந்த விதியை அவள் கடலுக்கும் போட்டாள். ஓர் எண்ணுக்கு ஒரு வள்ளம். ஓர் எண் டவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அதே எண்ணில் இன்னொரு செட் வந்தால், அது போலி. உள்ளே விடாதே, எண்ணி மட்டும் வைத்துக்கொள்.

பழைய நிரலில் அந்த இடத்தில் பதினொரு வரிகள் இருந்தன. ஒரே எண்ணில் இரண்டு செட் வந்தால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வரிகள். அவற்றுக்கு மேலே யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘ரெண்டும் நிஜம். தொடாதே.’ அதைக் கூட்டத்தில் அவள் சத்தமாக வாசித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது அவள்தான். சிரித்துக்கொண்டே பதினொரு வரிகளையும் அழித்தாள்.

புதிய ஸ்டாக்கை ஒரு மாதச் சோதனைக்கு ஒரே ஒரு டவரில் போட்டார்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே, சிலுவைக்கரை. இருபத்து மூன்று நாளுக்கு முன் ஒரு மதியம், அந்த டவரிலிருந்து பதினான்கு கடல் மைலில், 2207 என்ற எண்ணுள்ள ரெக்ஸனின் வள்ளம் சூறைக்காற்றில் மாட்டிக் கவிழ்ந்தது.

“இதுல தப்பு எங்க இருக்கு, நீயே சொல்லு,” என்றான் நிரஞ்சன். “ஒரே நம்பர்ல ரெண்டு செட்டு. ஒண்ணு லைசென்ஸ் வாங்கினது. இன்னொண்ணு லோக்கல் கடையில சிப்பைத் திருடிப் போட்ட காப்பி. காப்பியை நம்ம ஸ்டாக் உள்ள விடல. அதுக்குத்தானே பதினாலு மாசம் எழுதினோம்?”

“உள்ள விடாதது காப்பியை இல்ல. நாலு ஆளை.”

“ஸ்பெசிஃபிகேஷன்ல ஆளுன்னு எதுவும் இல்ல, இலக்கியா.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் சொன்னான். பிறகு பொறுமையாக நிலைமையை விளக்கினான். சோதனை நாளை மாலை ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குள் அவள் கையெழுத்து விழுந்தால் புதிய ஸ்டாக் இருநூற்றுப் பன்னிரண்டு டவருக்கும் போய்விடும். விழாவிட்டால் சிலுவைக்கரை டவர் தானாகவே பழையதற்குத் திரும்பும், திட்டம் முழுவதும் வெளி ஆட்கள் உட்காரும் மறு ஆய்வுக்குப் போகும். அந்தக் கண்டிப்பான ஏற்பாட்டைச் செய்ததும் அவளேதான்.

கையெழுத்து என்பது பேனாவால் போடுவதல்ல. விரல் நீளத்தில் ஒரு கருப்புச் சாவி, அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. மடிக்கணினியில் செருகினால் தரமணியிலுள்ள வெளியீட்டு சர்வரோடு இணையும், அதன் வழியே ஒப்புதல் கொடுத்தால்தான் புதிய ஸ்டாக் டவர்களுக்கு நகரும். அதற்கு நகல் கிடையாது, எடுக்கவும் முடியாது என்று கொடுத்த அன்றைக்கே எழுதி வாங்கியிருந்தார்கள். கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சிலுவைக்கரையில் இறங்கினாள். டவரின் முழுப் பதிவேடு டவரிடம் மட்டும்தான் இருந்தது. சோதனை முடிந்த நிமிடம் அது அழிந்துவிடும், பக்கத்தில் போய் எடுத்தால்தான் உண்டு. இது ஒரு காரணம். தான் போலி என்று எழுதிய ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை என்பது இன்னொன்று.

கோவிலுக்கு எதிரே சகாயம் எலக்ட்ரானிக்ஸ். சகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சிப்பை நகலெடுத்த குற்றத்துக்காக அவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள், வழக்கும் இருக்கிறது. இலக்கியா எந்த நிறுவனம் என்று சொன்னதும் அவர் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கீழே வைக்காமலே பேசினார். புது வள்ளத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தி வருடம் இருபத்தைந்தாகிறதாம். அப்பன் செத்தால் பிள்ளைகள் பிரிகிறார்கள், ஒரு வள்ளம் இரண்டாகிறது, எண் மட்டும் ஒன்றாகவே நிற்கிறது. செட் இல்லாமல் தம்பியைக் கடலுக்கு விட எந்த அண்ணனுக்கு மனசு வரும்? அதனால் சிப்பை நகலெடுத்துப் போட்டுக் கொடுக்கிறார். இந்தக் கரையில் பாதி வள்ளம் அப்படித்தான் என்பது மீன்துறைக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும்.

“உங்க கம்பெனிக்கும் தெரியும்,” என்றார். “இருவது வருசத்துக்கு முன்ன மெட்ராஸ்லேர்ந்து ஒரு சாரு வந்தாரு. இந்த ஸ்டூல்லதான் மூணு நாளு உக்காந்து கெடந்தாரு. ஒரே நம்பர்ல ரெண்டு செட்டு வருதே, எது நிஜம், எது போலின்னு கேட்டாரு. சாரே, ரெண்டும் நிஜம், ரெண்டுலயும் ஆளு இருக்குன்னேன். எழுதிக்கிட்டுப் போனாரு.”

கூட்டத்தில் தான் வாசித்துச் சிரித்த குறிப்பு இங்கிருந்து போனது என்று இலக்கியாவுக்குப் புரிந்தது. அந்த ஸ்டூலைத் தவிர அங்கே உட்கார வேறு இடம் இல்லை. அதில் உட்காரக் கூசியது, ஆனாலும் உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்து, டவரைத் திறக்கவும் தேவைப்பட்ட அந்தச் சாவியைச் செருகி, டவரோடு இணைத்து, பதிவேட்டை இறக்க ஆரம்பித்தாள்.

செய்தி பரவி டெரன்ஸ் வந்தான். ரெக்ஸனின் அண்ணன், 2207-இன் லைசென்ஸ்காரன். இடது கால் கட்டுப்போட்டு வீங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் ரெக்ஸனின் மனைவி எஸ்கலின் வந்து கடைக்கதவில் சாய்ந்து நின்றாள். டெரன்ஸ் வாங்க என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. இருபத்து நான்கு நாளாக வைத்திருந்த ஒரே கேள்வியை எடுத்துப் போட்டான்.

“எனக்கு அன்னைக்குக் காலு சரியில்ல, கடலுக்குப் போவல. செட்ட ஆன் பண்ணி வச்சுக்கிட்டுக் கரையில என் வள்ளத்துலயேதான் கெடந்தேன். எங்களுக்கு வழக்கம் அது. ஒருத்தன் கடல்ல கெடந்தா, ஒருத்தன் கரையில செட்டத் தொறந்து வச்சுக்கிட்டு இருக்கணும். அவன் கூப்புட்டா மொத ஆளா எனக்குக் கேட்டிருக்கணும். ஏன் கேக்கல மேடம்?”

பொய் சொல்ல வழி இருந்தது. டவரில் கோளாறு என்றால் நம்பியிருப்பார்கள். அது பாதி உண்மையும்கூட. ஆனால் அந்த முப்பத்தோரு பக்கமும் இப்படிப்பட்ட பாதி உண்மைகளால் ஆனவைதான். அவளுக்கு அதன்மேல் வந்த வெறுப்பு இப்போது உதவிக்கு வந்தது.

“டவருக்குள்ள ஒரு வாட்ச்மேன் இருக்கான்னு வச்சுக்கோங்கண்ணே,” என்றாள். அவளை அறியாமல் சொந்த ஊரான கோவில்பட்டியின் பேச்சு வந்துவிட்டது. “முன்னாடி இருந்த வாட்ச்மேனுக்கு ஊரு தெரியும். ஒரே நம்பர்ல ரெண்டு பேரு வந்தா ரெண்டு பேரையும் உள்ள விடுவான். நான் அவன எடுத்துட்டுப் புது வாட்ச்மேன நிறுத்துனேன். அவனுக்கு ஒரே ஒரு சட்டந்தான். 2207 ஏற்கெனவே உள்ள இருந்தா, இன்னொரு 2207-அ விடக் கூடாது.”

டெரன்ஸ் அதை மனதுக்குள் நடத்திப் பார்த்தான். அவன் முகத்தில் அது போய்ச் சேருவது தெரிந்தது.

“உள்ள இருந்தது நானா?”

“ஆமா.”

“அப்ப நான் செட்ட அணச்சிருந்தா?”

கடையில் சகாயத்தின் சூட்டுக்கோல் புகைந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“கேட்டிருக்கும்,” என்றாள் இலக்கியா. “ஆனா நீங்க அணைக்காம வச்சது தப்பில்லண்ணே. அண்ணன்காரன் செய்ய வேண்டியதத்தான் செஞ்சிய. அந்த வாட்ச்மேன அங்க நிறுத்துனது நான். எழுதுனது என் கை. அத எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்.”

டெரன்ஸ் எழுந்து வெளியே போய், வெயிலில் நின்று, திரும்பி வந்தான். அவன் கை ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவள் இருந்தாள். அவன் ஓங்கவில்லை. பேசியது எஸ்கலின்.

“எத்தன தடவ அமுக்கியிருக்காவ அக்கா?”

பதிவேடு அப்போதுதான் இறங்கி முடிந்திருந்தது. முதல் அழுத்தல் மதியம் ஒன்று பத்துக்கு, கடைசி அழுத்தல் மாலை நான்கு இருபத்தாறுக்கு. “நாப்பத்து மூணு.”

“அதுக்கு அந்த டவரு என்ன பதில் சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல. எண்ணிக்கிட்டு இருந்திச்சு.”

எஸ்கலின் அழவில்லை. “எண்ணிச்சாம்,” என்று சகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். “எண்ணத் தெரிஞ்ச எழவுக்கு ஒரு ஆள அனுப்பத் தெரியல.” அந்தக் கடையில் அன்று பேசப்பட்டதில் அதைவிடச் சரியான தொழில்நுட்ப ஆய்வு எதுவும் இல்லை என்று இலக்கியாவுக்குத் தோன்றியது. பதிவேட்டை மூன்று இடத்தில் சேமித்து வைத்தாள். மறு ஆய்வு வந்தால் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும், தன் பெயரோடு. இனி சாவியை உருவிவிட்டு ஆறு மணி வரைக்கும் சும்மா இருந்தால் போதும். கையெழுத்து விழாது.

உருவப் போனபோது திரையின் மூலையில் ஒரு எண் தெரிந்தது. வெளியீட்டு சர்வரோடு அவள் சாவிக்கு இருந்த இணைப்பைக் காட்டும் சிறிய கட்டம். நிராகரித்தவை: 3.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கானது.

விவரத்தைத் தட்டிப் பார்த்தாள். தரமணியிலிருந்து யாரோ கையெழுத்துப் போட முயல்கிறார்கள். சாவியின் எண் அவளுடையது. பெயர் இலக்கியா. நகலே கிடையாது என்று எழுதி வாங்கியவர்கள், சாவியைச் செய்த அன்றே ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவளை ஊருக்குப் போகவிட்டு, அவள் பெயரிலேயே இருநூற்றுப் பன்னிரண்டு டவருக்கும் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். நகலெடுத்த சகாயத்தின் மேல் வழக்குப் போட்டதும் இதே ஆட்கள்தான். அவளுக்கு வந்த கோபத்தில் முதலில் சிரிப்புதான் வந்தது.

ஆனால் முடியவில்லை, ஏன்? ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. சோதனைக்காக வெளியீட்டு சர்வரிலும் அவள் எழுதிய புதிய ஸ்டாக்தான் ஓடுகிறது. அசல் சாவி இங்கே சிலுவைக்கரையில், சகாயம் கடை மேசையில், இணைப்பில் இருக்கிறது. இலக்கியா ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். இன்னொரு இலக்கியாவை அது உள்ளே விடாது. யார் சொன்னாலும் விடாது, நிர்வாகி என்றாலும் விடாது. சர்வரையே அணைத்துப் போட்டால் சோதனை ரத்து. அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, அவள் தன் கணினியை மூடுவதுதான். அவள் கை சாவிக்கு இரண்டு அங்குலம் மேலே நின்றது.

“இத அணைக்கக் கூடாது,” என்றாள். “ஆறு மணி வரைக்கும்.”

காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். டெரன்ஸுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சார்ஜர் ஒயர் யார் காலிலும் படாதபடி சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டான். நாலே காலுக்கு மேற்கிலிருந்து கச்சான் காற்று வலுத்தது. காற்று வலுத்தால் சிலுவைக்கரையில் கரண்ட் போகும், போனது. சிறிது நேரத்தில் கணினியின் பேட்டரி இருபது சதவீதத்துக்கு இறங்கியது. சகாயம் பின்பக்கம் போய் வள்ளத்து பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்தார், இன்வெர்ட்டரைக் கோத்தார், ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறியது. சிப்பைத் திருடுகிற லோக்கல் கடை என்று அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது இந்தக் கடைதான்.

எண் ஏறிக்கொண்டே இருந்தது. பதினொன்று. பதினாறு. நடுவில் கொஞ்சம் இடைவெளி, பிறகு மளமளவென்று ஐந்தாறு. தரமணியில் நிரஞ்சன் எழுந்து நடந்து, திரும்ப வந்து உட்கார்ந்து அழுத்துவதை அவளால் பார்க்க முடிந்தது. ரெக்ஸனின் பதிவிலும் அப்படித்தான் இடைவெளிகள் இருந்தன. அவன் அந்த இடைவெளிகளில் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்திருப்பான்.

ஐந்து இருபதுக்கு நிரஞ்சன் அழைத்தான். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“இலக்கியா, சர்வர்ல சின்ன பிரச்சினை. உன் லாப்டாப்பை ஒரு ரெண்டு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு.”

“என் சாவிக்குக் காப்பி கிடையாதுன்னு சொன்னியே, நிரஞ்சன்.”

“அது காப்பி இல்ல, பேக்கப். ஒரு அவசரத்துக்குன்னு எடுத்து வச்சது.”

“இவங்களும் அவசரத்துக்குத்தான் எடுத்து வச்சாங்க.”

“எமோஷனலாப் பேசாத. பதினாலு மாச வேலை. நீ செஞ்சது. எத்தனை தடவை ட்ரை பண்ணிட்டேன் தெரியுமா?”

“தெரியும். இருபத்தொம்பது தடவை. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.” அவள் திரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். “ஏன் உள்ள போகலன்னு கேக்கறியா? டிசைன்படிதான் வேலை செய்யுது. நீ செல்லாத பாக்கெட், நிரஞ்சன். ரிப்போர்ட்ல பதினெட்டாவது இடத்துல சேத்துக்கோ.”

வைத்துவிட்டாள். வேலை போகும், வழக்கும் வரலாம். அதைப் பற்றி நினைக்கவும் அவளுக்கு அப்போது நேரமில்லை. முப்பது, முப்பத்தொன்று. எஸ்கலின் கதவிலிருந்து நகர்ந்து வந்து திரைக்கு முன்னால் குந்தினாள். எண் மாறும் ஒவ்வொரு முறையும் அவள் வாய் அசைந்தது. நாற்பத்து மூன்றில் அவள் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகும் நிரஞ்சன் அழுத்திக்கொண்டுதான் இருந்தான். அவன் உட்கார்ந்திருந்தது பதினோராவது மாடியில், ஏசி அறையில்.

ஆறு மணிக்கு டவர் உச்சியில் பச்சை விளக்கு அணைந்தது. எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். விளக்கு மறுபடி எரிந்தது. பழைய ஸ்டாக் ஏறிவிட்டது. ஓட்டையுள்ள, வயதான, ஊர் தெரிந்த வாட்ச்மேன். அதன் ஓட்டைகளை அடைத்தாக வேண்டும், அதுவும் சீக்கிரம், பதினொரு வரியைத் தொடாமல். இலக்கியா அப்போதுதான் சாவியை உருவினாள்.

கவிழ்ந்த வள்ளத்தோடு கரை சேர்ந்த ரெக்ஸனின் செட்டைப் பரிசோதனைக்கென்று நிறுவனத்து ஆட்கள் கொண்டுபோய்விட்டதாக அறிக்கையில் இருந்தது. சகாயம் கடைக்குள் போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். மூலையில் உப்புப் பூத்திருந்தது. “அவியளுக்கு வேற ஒரு டூப்ளிகேட்டக் குடுத்து அனுப்புனேன்,” என்றார். “அவியளுக்கு எது நிஜம்னு என்ன தெரியும்.”

அவர் அதை பேட்டரியில் கோத்து எஸ்கலினிடம் நீட்டினார். டெரன்ஸ் நொண்டிக்கொண்டே மணலில் இறங்கித் தன் வள்ளத்துக்குப் போனான். அவன் செட் ஆனில் இருந்தது. அந்த மதியத்திலிருந்து இன்றுவரை அவன் அதை அணைக்கவேயில்லை.

எஸ்கலின் சிவப்புப் பட்டனில் விரலை வைத்தாள். கரையில் டெரன்ஸின் வள்ளத்திலிருந்து அலறல் கிளம்பி, கோவில் சுவரில் மோதி, தெருவெல்லாம் கேட்டது. வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். டெரன்ஸ் செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் முகத்தை வைத்து, கேக்குடே, கேக்குடே என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருந்தாள்.